தன்னைத் தின்னும் செல்லும் சாப்பிடாத எஸ்தர் அம்மாவும்

ரத்தப் பிரிவில் புதிதாகச் சேர்ந்திருக்கும் பிள்ளைகளே, வாழ்த்துகளை அப்புறம் சொல்கிறேன், முதலில் அனுதாபங்கள். நீங்கள் வருடக்கணக்கில் முட்டிமோதிப் படித்ததை, உங்கள் நோயாளியின் ஒன்றுவிட்ட மச்சான் களம்பூரில் பஸ் ஏறி, ஆரணியில் இறங்குவதற்குள் கைப்பேசியில் பார்த்து முடித்திருப்பார். முடித்தவர் சும்மா இருக்கமாட்டார். உங்கள் மேசைக்கு எதிரே உட்கார்ந்து, "டாக்டர், ஆட்டோபேஜின்னு ஒண்ணு இருக்கு, கேள்விப்பட்டிருக்கீங்களா?" என்று இரக்கத்தோடு கேட்பார். இல்லை என்று சொல்லிவிடுங்கள். பாதி நேரம் மிச்சமாகும்.

எனக்கு அப்படிச் சொல்லத் தெரியாது. வாய் சும்மா இருக்காது. கடைசியில் முதுகுவலி என்று காரணம் எழுதிக் கொடுத்து விருப்ப ஓய்வு வாங்கிக்கொண்டேன். மைக்ராஸ்கோப்பின் வட்டத்துக்குள்ளேயே பழகிய கண்களுக்கு இப்போது உலகம் ரொம்ப அகலமாக இருக்கிறது. எங்கே பார்ப்பது என்று தெரியவில்லை. அதனால் உங்களைப் பார்க்கிறேன். சாயம், குழாய், எண்ணிக்கை எல்லாம் உங்கள் மெஷினுக்கு என்னைவிட நன்றாகத் தெரியும். மெஷினுக்குத் தெரியாத ஒரு காலை நேரத்தைப் பற்றி மட்டும் சொல்கிறேன்.

முதலில் அந்தப் பாழாய்ப்போன வார்த்தை. நம் உடம்பின் ஒவ்வொரு செல்லுக்குள்ளும் ஒரு பழைய புடவை வியாபாரி உட்கார்ந்திருக்கிறான் என்று வைத்துக்கொள்ளுங்கள். நம் தெருக்களில் "பழைய பட்டுப்புடவ, பழைய ஜரிக" என்று கூவிக்கொண்டு வருவார்களே, அவர்களைப்போல. கிழிந்த முகூர்த்தப் புடவையை வாங்கிப் போய், எரித்து, சாம்பலிலிருந்து வெள்ளியைப் பிரித்து எடுத்துவிடுவார்கள். செல்லும் அதைத்தான் செய்கிறது. உள்ளே பழுதான பாகங்களை ஒரு பைக்குள் சுருட்டி, கரைத்து, தேறியதை எடுத்து மறுபடி குடும்பம் நடத்துகிறது. பசி வந்தால் வியாபாரம் இன்னும் ஜோராக நடக்கும். தன்னையே தின்று தன்னைக் காப்பாற்றிக்கொள்ளும் வித்தை. தமிழில் தன்னுண்ணல் எனலாம். ஆட்டோபேஜி என்றால்தான் ஊரில் மரியாதை.

நல்ல செல்லுக்கு இது நல்லது. எலும்பு மஜ்ஜைக்குள் ரத்தத்தைப் பிறப்பிக்கும் தாய்ச்செல்களில் குப்பை சேராமல் இருப்பது ஓரளவுக்கு இந்த வியாபாரியின் தயவு. குப்பை சேராவிட்டால் புற்றும் எளிதில் சேராது. ஆனால் ஒருமுறை லுகேமியா வந்து உட்கார்ந்துவிட்டால் வியாபாரி கட்சி மாறிவிடுகிறான். நாம் மாத்திரை கொடுத்துப் புற்றுச் செல்லைப் பட்டினி போடுகிறோம். அது பரணில் கிடக்கும் தன் கல்யாணப் புடவையைக் கொளுத்தி, அந்த வெள்ளியில் கஞ்சி காய்ச்சிக் குடித்துக்கொண்டு, மாத்திரையின் கை ஓயட்டும் என்று மூலையில் காத்திருக்கிறது. காத்தவனே கெடுக்கிறான். தேர்தல் சமயத்தில் நம் தொகுதியில் பார்த்திருப்பீர்கள், விளக்கம் தேவையில்லை.

இந்த வியாபாரியைத் தூண்டிவிடுவதா, கழுத்தைப் பிடிப்பதா என்று ஆராய்ச்சிக்காரர்கள் இன்னும் கையைப் பிசைந்துகொண்டிருக்கிறார்கள். கையைப் பிசையாமல் தெளிவாக இருந்தவர்கள் என்று நான் பார்த்தது இரண்டே பேரைத்தான். இருவரும் ஒரே நாளில், என் அறையில், ஒரே நோயாளியின் இரண்டு பக்கங்களிலும் உட்கார்ந்திருந்தார்கள்.

நோயாளி எஸ்தர் அம்மா. ஐம்பதைத் தாண்டியவர், கணவர் இல்லை. தறிவீடுகளுக்குப் போய்ப் பாவு பிணைப்பது அவர் வேலை. தறியில் பழைய பாவு, அதாவது நீளவாட்டு இழைகள், தீரும்போது அதன் ஒவ்வொரு இழையோடும் புதுப் பாவின் இழையைச் சாம்பல் தொட்ட விரலால் முறுக்கிச் சேர்க்க வேண்டும். ஆயிரக்கணக்கான இழைகள், ஒன்று விட்டால் புடவை காட்டிக்கொடுத்துவிடும். அவருக்கு இருந்தது நாள்பட்ட வகை லுகேமியா. தினமும் மாத்திரை விழுங்கினால் வாலைச் சுருட்டிக்கொண்டு கிடக்கும். விழுங்காவிட்டால் ஒருநாள் திமிறிக்கொண்டு கையை மீறிப் போகும். அதற்கப்புறம் மாத்திரையாலும் பயனில்லை, டாக்டராலும் பயனில்லை. எஸ்தர் அம்மாவுக்குச் சில வருடங்களாக அது நன்றாக அடங்கியே கிடந்தது. காலையில் பலகாரம், பலகாரத்தின்மேல் மாத்திரை, மாத்திரையின்மேல் ஒரு சொம்புத் தண்ணீர். வைத்தியம் இவ்வளவுதான். நோயாளி ஒழுங்காக இருந்தால் டாக்டருக்குப் பெயர் வரும் அபூர்வமான நோய் இது. அந்தப் பெயரை நான் கூச்சமில்லாமல் அனுபவித்துக்கொண்டிருந்தேன்.

அப்போதுதான் மகள் ஷீபாவுக்குக் கல்யாணம் ஆனது. ஷீபா வந்தவாசிப் பக்கம் ஒரு பள்ளியில் டீச்சர். மாப்பிள்ளை பிரவீனுக்குக் கம்ப்யூட்டர் கம்பெனியில் வேலை. வீட்டிலிருந்தபடியே செய்யும் வேலை. எந்த வீட்டிலிருந்து என்று கம்பெனி கேட்கவில்லை. மாமியார் தனியாக, அதுவும் இப்படி ஒரு நோயோடு இருக்கிறாரே என்று மனைவியோடு ஆரணிக்கே குடிவந்துவிட்டார். வீட்டோடு மாப்பிள்ளை. அந்த வார்த்தையைச் சொல்லும்போது நம் ஊர்க்காரர்களின் உதட்டோரம் லேசாக வளையும், கவனித்திருக்கிறீர்களா? அந்த வளைவுக்குப் பயந்தே வீட்டோடு மாப்பிள்ளைக்கு மற்ற மாப்பிள்ளைகளைவிட இரண்டு மடங்கு மரியாதை செய்ய வேண்டியிருக்கும். இதை நான் அப்போது யோசிக்கவில்லை. ரத்தப் பரிசோதனையில் இதற்கெல்லாம் கட்டம் கிடையாது.

கல்யாணம் முடிந்த சில மாதங்களில் எஸ்தர் அம்மாவின் வெள்ளை அணுக்கள் ஏறின. அடுத்த முறை இன்னும் ஏறின. அதற்கடுத்த முறை இடது விலாவுக்குக் கீழே கை வைத்தால் மண்ணீரல் தட்டுப்பட்டது. எப்போதோ கரைந்து போயிருந்த வீக்கம் பழைய சொந்தக்காரரைப்போலத் திரும்பி வந்து, "என்ன டாக்டரம்மா, சௌக்கியமா?" என்றது.

என்னோடு அப்போது இருந்த இளம் டாக்டர் கார்த்திக். இன்றைக்குப் பெரிய ஊரில் பெரிய ஆள். அன்று அவன் கண்ணில் ஒரு பளபளப்பு. புத்தகத்தில் மட்டுமே பார்த்த பாம்பு வாசலில் வந்து படமெடுத்தால் சிலருக்குப் பயத்துக்கு முன்னால் பரவசம் வந்துவிடும்.

"டெய்லி மாத்திரை போடறீங்களாம்மா?" என்று எஸ்தர் அம்மாவைக் கேட்டான்.

"போட்டுகினுதான் இருக்கேன் சார்."

"சர்ச்ல உபவாச ஜெபம் அது இதுன்னு எதுனா?"

"எங்க பாஸ்டரு சுகருக்கு மாத்திரை போட்டுகினு மூணு வேளையும் நல்லா சாப்புடறாரு சார். அவரு எங்க எங்கள பட்டினி போடப் போறாரு?"

கார்த்திக்குக்கு அது போதுமானதாக இருந்தது. என் பக்கம் குனிந்து, "மேடம், ரெசிஸ்டன்ஸ். மாத்திரைக்கு மசியல. செல்லு ஆட்டோபேஜி பண்ணி தப்பிச்சிகினு இருக்கு. அத பிளாக் பண்ணணும். மலேரியாவுக்குக் குடுப்போமே அந்தப் பழைய மாத்திரை, அது பண்ணும். இன்னிக்கே ஆரம்பிச்சிட்டு, சென்னைக்கு அனுப்பிடலாம்" என்றான். பரீட்சையில் எழுதினால் நல்ல மதிப்பெண் விழும் பதில். பெரிய மருத்துவமனைகளில் சோதனை அளவில் நடக்கிற ஒன்றை ஆரணியில் ஒரு செவ்வாய்க்கிழமையின் அவசரத்தில் செய்யப் பார்க்கிறோம் என்பதைத் தவிர அதில் குறை ஒன்றுமில்லை.

அந்தப் பக்கத்திலிருந்து லேப்டாப் திறந்தது.

"ஒரு நிமிஷம் டாக்டர். பிளாக்கா?" என்றார் பிரவீன். "ஏங்க, அத தூண்டி விடணும்ங்க. நான் இத ரொம்ப நாளா படிச்சிகினு இருக்கேன். பதினாறு மணி நேரம் வயித்த காலியா வச்சா, செல்லு உள்ள இருக்கிற குப்பையெல்லாம் தானே தின்னு தீத்துடும். நானே பண்றேன். கல்யாண விருந்துல ஏறினது எல்லாம் இறங்கிடுச்சி. அத்தைக்கும் ஆரம்பிக்கலாமான்னு கேக்கத்தான் லீவு போட்டுகினு வந்தேன்."

"சார், லுகேமியாவுல அது எதிரிங்க."

"யாரு சொன்னா? இந்த ஸ்லைடப் பாருங்க."

"அது நார்மல் செல்லு சார்."

"செல்லுன்னா செல்லுதானுங்களே?"

அந்த அறை கொஞ்ச நேரம் உலகக் கருத்தரங்காக இருந்தது. ஒருவன் அடுப்பை அணைக்கச் சொன்னான். ஒருவர் ஊதச் சொன்னார். உலையில் என்ன இருக்கிறது என்று மூடியைத் திறந்து பார்க்க இருவருக்கும் நேரமில்லை. எஸ்தர் அம்மா நாற்காலியின் விளிம்பில், மாப்பிள்ளைக்கு முகம் நேராகப் படாதபடி திரும்பி, முந்தானையைத் தோளைச் சுற்றி இழுத்துவிட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தார். நான் வற்புறுத்தியதால்தான் அந்த விளிம்பும். "டாக்டரம்மா, அவங்க பேசி முடிக்கட்டும். நான் வெளிய குந்திகினு இருக்கேன்" என்றார். தன் ரத்தத்தைப் பற்றிய பேச்சு என்று அவருக்குத் தோன்றவே இல்லை. தோன்றாதது நியாயம்தான்.

அந்த அமைதிதான் எனக்கு உறுத்தியது. நோய் முற்றுகிறது என்கிறோம். சென்னைக்குப் போ என்கிறோம். வேறு மருந்து என்கிறோம். பயப்பட வேண்டும், அழ வேண்டும், குறைந்தபட்சம் எங்களைத் திட்டவாவது வேண்டும். இந்த அம்மா எதையோ ஏற்கெனவே கணக்குப் பார்த்து முடித்தவர்போல உட்கார்ந்திருக்கிறார். வெளியே வரிசை நீண்டுகொண்டிருந்தது. கார்த்திக் சீட்டை எழுதிக் கையெழுத்துக்கு என் முன்னால் நகர்த்தினான். இப்படிப்பட்ட நேரத்தில் பேனா தானாகவே ஓடிவிடும். உங்களுக்கும் ஓடும், எச்சரிக்கை.

எனக்குப் பாடம் சொன்ன பேராசிரியை ஒருவர் இருந்தார். பெயர் சொல்லமாட்டேன், சொன்னால் அவர் எங்கிருந்தாலும் என் தமிழில் பிழை கண்டுபிடிப்பார். வார்டு ரவுண்டில் அவர் பின்னால் போவதற்குப் பேய்க்குப் பின்னால் போகலாம். ஒருமுறை, மருந்து வேலை செய்யவில்லை என்று நான் அழகாக ஆங்கிலத்தில் விளக்கி முடித்ததும், "மருந்து வேலை செய்யலையா, வேலைக்கே வரலையா? மொதல்ல அத பாத்துட்டு வா" என்றார். போய்ப் பார்த்தேன். தலையணை உறைக்குள் மாத்திரைகள் இருந்தன. அந்த நோயாளியைத் திட்டிவிட்டு வந்தேன் என்று பெருமையாகச் சொன்னதற்கு அவர் சொன்ன பதிலை இன்றுவரை மறக்கவில்லை. "நோயாளி பொய் சொன்னா, ஏன்னு கேக்காத. யாருக்காகன்னு கேளு."

மேஜை இழுப்பறையிலிருந்து ஒரு மாத்திரை அட்டையை எடுத்தேன். ஒரு டம்ளரில் தண்ணீர் ஊற்றினேன். "எஸ்தர் அம்மா, இன்னிக்கி மாத்திரைய இங்கயே போட்டுடுங்க."

கை நீண்டது, பாதியில் நின்றது. "வேணாம்மா. வெறும் வயிறு."

மணி பன்னிரண்டை நெருங்கிக்கொண்டிருந்தது.

"ஏன், சாப்பிடாம வந்தீங்க?"

"ரத்தம் எடுப்பீங்களேன்னு..."

இந்த ரத்தப் பரிசோதனைக்கு வெறும் வயிறு தேவையில்லை. வருடக்கணக்காக வந்து கொடுக்கிறவருக்கு அது தெரியும். ஒவ்வொரு முறையும் விரலில் சாம்பார் வாசனையோடு வந்து ஊசிக்குக் கை நீட்டியவர் அவர். பொய்யைச் சொல்லும்போது அந்தக் கண்கள் ஒரு கணம் லேப்டாப் பக்கம் போய்த் திரும்பின.

பிரவீன் உதவிக்கு வந்தார். "இதுல இன்னா இருக்கு மேடம், நான்கூட இன்னும் சாப்பிடல. என் விண்டோ ரெண்டு மணிக்குத்தான் திறக்கும்." சாப்பிட அனுமதியுள்ள நேரத்துக்கு அந்தப் பட்டினிக் கூட்டத்தார் வைத்திருக்கும் பெயர் அது. ஜன்னல் திறக்கும்வரை வாய் திறக்கக்கூடாது. சாப்பாட்டுக்குத்தான் அந்தத் தடை, பேச்சுக்கு இல்லை.

போன முறை எடுத்த ரிப்போர்ட் கீழே லேபில் இருக்கிறது, வாங்கி வாருங்கள் என்று பிரவீனை அனுப்பினேன். தேட வேண்டியிருக்கும், நீயும் போ என்று கார்த்திக்கையும் அனுப்பினேன். கதவு சாத்திக்கொண்டது.

"காலைல சாப்பிடறது இல்லையா?"

"சாப்புடறேன்மா. கொஞ்சம் லேட்டாவும்."

"எவ்ளோ லேட்டு?"

எஸ்தர் அம்மா தன் விரல் நுனிகளைப் பார்த்துக்கொண்டிருந்தார். சாம்பல் ஏறிய ரேகைகள். அப்புறம், ஒரு இழையை விட்டுவிடாமல் எடுப்பதுபோல மெதுவாகச் சொன்னார்: "மாப்ள சாப்ட்ட அப்புறம்."

எனக்குச் சிரிப்பு வந்தது. அட்டையைக் கீழே வைத்துவிட்டுக் கேட்டேன்.

"அவரு உங்கள சாப்பிட வேணாம்னாரா?"

"ஐயையோ! தங்கமான புள்ளம்மா அவரு. அவருக்குத் தெரியவே தெரியாது. இன்னாம்மா பண்றது, வூட்டோட மாப்ள. பல்லுல பச்சத்தண்ணி படாம பொட்டிய தொறந்து வச்சிகினு குந்தியிருக்காரு. அவரு எதிர்ல நான் இட்லிய பிட்டு வாயில போட்டுகினா நல்லாவா இருக்கும்? மாமியாக்காரி மொதல்ல தின்னுட்டு மாப்ளக்கி மிச்சத்த வச்சான்னு ஊரு சொல்லாது? எங்கூட்டு சமயக்கட்டுக்குக் கதவுகூட கெடையாதும்மா."

"ஷீபா பாக்கலையா?"

"அவ ஜல்தி ஜல்தின்னு டப்பாவ கட்டிகினு மொத பஸ்ஸுக்கு ஓடிடறா. அவளுக்கு எங்க தெரியும்?"

அதற்கப்புறம் எல்லாம் வரிசையாக வந்தது. சீட்டில் காலை என்று போட்டிருந்ததால் காலையிலேயே மாத்திரை, வெறும் வயிற்றில். அந்த மாத்திரைக்கு வெறும் வயிறு பிடிக்காது, குமட்டும், புரட்டும். கொல்லைப்பக்கம் போய்ச் சத்தமில்லாமல் வாந்தி. சத்தம் கேட்டால் மாப்பிள்ளை வேலையைப் போட்டுவிட்டு டாக்டரிடம் கூட்டிக்கொண்டு ஓடி வருவார். அவர் வேலைக்குப் பேஜாராகும். அதனால் ஒருநாள் விட்டு ஒருநாள் போட்டார். அப்புறம் வாந்தி வராத நாட்களில் மட்டும். அப்புறம், போடாவிட்டால் வாந்தி வருவதே இல்லை என்று கண்டுபிடித்தார்.

"உசுருக்கு ஆபத்து, தெரியுமா?"

"தெரியும்மா." ரொம்ப சாதாரணமாகச் சொன்னார். பிறகு நிமிர்ந்தார். "நீங்க இத அவருகிட்ட மட்டும் கேட்டுடாதீங்க. என்னாலதான் மாமியாரு பட்டினி கெடந்தாங்கன்னு தெரிஞ்சா அந்தப் புள்ள மனசு ஒடிஞ்சி பூடும். அப்புறம் அவரு இந்த வூட்ல இருக்கமாட்டாரு. எம்பொண்ணு நடுவுல நிப்பா. சொன்னீங்கன்னா நான் இனிமே இங்க வரமாட்டேன்மா, கோச்சிக்காதீங்க."

மிரட்டல் இல்லை அது. தறிக்காரரிடம், இந்த இழை தாங்காது, இழுக்காதீங்க என்று சொல்வாரே, அந்தக் குரல்.

கார்த்திக் முதலில் திரும்பி வந்தான். அவனை ஜன்னலோரம் தள்ளிக்கொண்டு போய்ச் சொன்னேன். அவன் முகம் விழுந்ததைப் பார்க்க வேண்டுமே. ஒரு அரிய ரெசிஸ்டன்ஸ் போய் ஒரு இட்லி வந்து நின்றால் யாருக்குத்தான் வருத்தம் வராது?

"இவ்ளோதானா மேடம்? மாத்திரைய ராத்திரிக்கு மாத்திடலாம்."

"ராத்திரி அவரு பத்து மணிக்குச் சாப்பிட்டு எழுந்திருப்பாரு. அதுக்கப்புறம் இவங்க. முழுங்கிட்டு உடனே படுத்தா நெஞ்சு எரியும். விடியறதுக்கு முன்ன எழுந்து சமைச்சி, அப்புறம் பாவு பிணைக்கப் போவணும்."

"மத்தியானம்?"

"ரெண்டு மணிக்கு அவருக்குப் பரிமாறிட்டு, தானும் சாப்பிட்டு, மறுபடி தறிவீட்டுக்கு ஓடணும். அங்க குமட்டல் வந்தா இன்னா ஏதுன்னு கேப்பாங்க. இந்த நோயுன்னு தெரிஞ்சா அடுத்த பாவுக்குக் கூப்பிடமாட்டாங்க. அதவிடு. மாத்திரைய நகத்தினா மாத்திரை பொழைக்கும். பகல் பாதி போற வரைக்கும் பட்டினியா வேலை செய்யற மனுஷி? எடையப் பாத்தியா?"

யோசித்தான். முகம் மறுபடி மலர்ந்தது. "வெறும் வயித்துலயே போடற மாத்திரை ஒண்ணு இருக்கு மேடம்! அதுக்கு மாத்திடலாம்."

ஒரு மாப்பிள்ளையின் காலைப் பலகாரத்துக்காக ஒரு புற்றுநோய் மருந்தையே மாற்றத் தயாரான வைத்திய உலகத்தை நினைத்து எனக்குப் புல்லரித்தது.

"அப்ப அவருகிட்ட நேரா சொல்லிடலாம். ஒரு நிமிஷ வேலை" என்றான்.

ஒரு நிமிஷ வேலைதான். பிரவீனை எதிரே உட்கார வைத்து, ஸ்லைடு ஸ்லைடாகக் கிழித்துத் தோரணம் கட்ட என்னால் முடியும். புற்றுச் செல்லுக்குப் பட்டினி பழக்கம், தம்பி, அதற்குக் கொளுத்த நிறையப் புடவை இருக்கிறது, உங்கள் மாமியாருக்கு இல்லை என்று சொல்ல நாக்கு துடித்தது. சொல்லியிருந்தால் அறையில் உண்மை ஜெயித்திருக்கும். அடுத்த மாதம் எஸ்தர் அம்மாவின் நாற்காலி காலியாக இருந்திருக்கும். வரமாட்டேன் என்று சொல்லிவிட்டு வருகிற ஆள் இல்லை அவர்.

பிரவீன் ரிப்போர்ட்டோடு உள்ளே வந்தார். நான் மருந்துச்சீட்டைப் புரட்டி வெற்றுப் பக்கத்தை எடுத்துக்கொண்டேன்.

"பிரவீன், உங்க விண்டோ ரெண்டுல இருந்து பத்து வரைக்குமா?"

இத்தனை நாளாக அவர் காத்திருந்த கேள்வி. "ஆமா மேடம்!"

"தப்பு பண்றீங்களே."

முகம் சுருங்கியது. கார்த்திக் இருமினான்.

"பதினாறு மணி நேரம் சும்மா இருக்கிறது உங்க இஷ்டம். ஆனா எந்தப் பதினாறு? காலைலதான் உடம்பு சாப்பாட்ட நல்லா வாங்கிக்கும்ங்கிறாங்க. ராத்திரி பத்து மணிக்குப் பிரியாணி தின்னுட்டு எந்த செல்லு குப்பை பொறுக்கும்? ஏழு மணிக்குத் திறங்க. மூணு மணிக்கு மூடிடுங்க."

பொய்யில்லை. முக்கால் உண்மை. மீதிக் காலுக்கு நான் முகத்தைப் பெரிய டாக்டர்போல வைத்துக்கொண்டேன்.

"ஏழு மணியா... அவ்ளோ காலைலயா மேடம்?"

"வேணாம்னா விடுங்க. சும்மா பேருக்குப் பண்றவங்க நிறைய பேரு இருக்காங்க."

"இல்ல இல்ல, பண்றேன் மேடம். அப்ப அத்தைக்கு?"

"அத்தைக்குப் பட்டினி வேணாம். அவங்க மாத்திரையே அந்த செல்லுகள பட்டினி போடற வேலையத்தான் பாக்குது. ரெண்டு பேரு ஒரே வேலைய பாக்கக்கூடாது. அவங்க சாப்பிடணும், மாத்திரை பட்டினி போடணும்."

பிரவீன் அதை ரசித்தார். "அப்படின்னா கான்செப்ட் வைஸ் நான் சொன்னது கரெக்ட்தானே மேடம்?"

என் பணிக்காலத்தில் எத்தனையோ கெட்ட செய்திகளை எத்தனையோ பேரிடம் சொல்லியிருக்கிறேன். நாக்கு தடுமாறியதில்லை. அன்று தடுமாறியது. "ரொம்ப கரெக்ட்" என்றேன்.

கிளம்பும்போது எஸ்தர் அம்மா ஒரு நொடி பின்தங்கினார். நான் அவசரமாகக் குசுகுசுத்தேன்: "ஆனா ராத்திரி அவரு சாப்பிடமாட்டாரே. நீங்க என்ன பண்ணுவீங்க?" என் பிரமாதமான திட்டத்தில் அந்த ஓட்டை அப்போதுதான் தெரிந்தது.

"அதுக்கென்னாம்மா. மூணு மணிக்கே முடிச்சிட்டாருன்னா அவரு சாப்ட்டாச்சுன்னுதானே கணக்கு? ராவுக்கு நான் தாராளமா சாப்புடுவேன்." சட்டத்தை நம்மைவிட நன்றாகப் படித்தவர்கள் வீட்டுக்கு வீடு இருக்கிறார்கள்.

லுகேமியாவுக்கு நான் எழுதிய மருந்துகளிலேயே சிறந்தது, லுகேமியா இல்லாத ஓர் ஆளுக்கு எழுதியதுதான். அடுத்த முறை அணுக்கள் இறங்கின. அதற்கடுத்த முறை மண்ணீரல், அழையாமல் வந்த விருந்தாளி தாம்பூலம்கூட வாங்காமல் போவதுபோலப் போய்விட்டது. கார்த்திக் சென்னைக்கு எழுதிய சீட்டைக் கிழித்துப் போட்டான். பிரவீனோ வராந்தாவில், படவேட்டிலிருந்து ரத்தம் கொடுக்க வந்திருந்த ஒரு பெரியவரைப் பிடித்து உட்கார வைத்து, தான் காலை ஜன்னலுக்கு மாறிய கதையையும் அதனால் வீட்டில் எல்லாருடைய உடம்பும் தேறிய அதிசயத்தையும் சொல்லிக்கொண்டிருந்தார். "அப்ப கஞ்சி குடிக்கலாமா கூடாதா, அத சொல்லு" என்று பெரியவர் கேட்டுக்கொண்டிருந்தார். எஸ்தர் அம்மா தூணுக்கு அந்தப் பக்கம் நின்று, "மாப்ள சொன்னா சரியாத்தான் இருக்கும்" என்று எல்லாருக்கும் கேட்கும்படி சொன்னார். நான் பல்லைக் கடித்துக்கொண்டேன். நம் தொழிலில் பல் சீக்கிரம் தேய்வது இதனால்தான்.

என்னைப் பெரிய தந்திரசாலி என்று நினைத்துக்கொண்டு கொஞ்ச நாள் நடமாடினேன். மறைக்க என்ன இருக்கிறது? ஒரு செல்லையும் தொடாமல், ஒரு மனசையும் முறிக்காமல் காரியம் முடித்தவள். உங்களில் யாருக்காவது அப்படித் தோன்றும் நாள் வந்தால், அன்றைக்குக் கொஞ்சம் அடக்கமாக இருங்கள். யாரோ உங்களை நமட்டுச் சிரிப்போடு பார்த்துக்கொண்டிருக்கக்கூடும்.

சில மாதம் கழித்து பிரவீன் தனியாக வந்தார். ரிப்போர்ட்டை வாங்கிக்கொண்டார், போகவில்லை. லேப்டாப் பை இல்லாமல் கொஞ்சம் வேறு ஆளாகத் தெரிந்தார்.

"மேடம், அந்தக் காலை விண்டோவப் பத்தி நெட்ல தேடிப் பாத்தேன். நீங்க சொன்ன அளவுக்கு உறுதியா யாரும் சொல்லலையே?"

"அப்படியா" என்றேன், காகிதத்தை அடுக்கிக்கொண்டே.

"விடுங்க மேடம். நான் அதெல்லாம் நிறுத்தி ரொம்ப நாளாச்சி."

நிமிர்ந்து பார்த்தேன்.

"மொத நாளு ஏழு மணிக்கு சாப்பிட்டுட்டு எழுந்து வந்து வேலைய ஆரம்பிச்சேன். கொஞ்ச நேரத்துல சமையல்கட்டுல தட்டு சத்தம் கேட்டுச்சி. ஸ்டீல் தட்டு, அப்புறம் சொம்பு. அந்த சத்தத்த நான் எப்பவும் மத்தியானம் ரெண்டரை மணிக்குத்தான் கேட்டிருக்கேன். தினமும். என் மீட்டிங் நடக்கிற நேரம், மைக்க ஆஃப் பண்ணுவேன், அதனால ஞாபகம் இருக்கு." ரிப்போர்ட்டை இரண்டாக மடித்தார். "அன்னிக்கி அவங்க எவ்ளோ வேகமா சாப்ட்டாங்க தெரியுமா மேடம். திரும்பிப் பாக்கல நான். சத்தத்துலயே தெரிஞ்சிச்சி."

 வாய் சும்மா இருக்காதவள் நான், காகிதங்களை மறுபடி முதலிலிருந்து அடுக்கினேன்.

"யார்கிட்டயும் கேக்கல. ஷீபாகிட்டகூட சொல்லல. அத்தைக்கு எனக்குத் தெரியும்னு தெரிய வேணாம் மேடம். தெரிஞ்சா கூச்சப்பட்டுகினு மறுபடி வேற எதுனா பண்ணுவாங்க. நீங்களும் வாய் தவறி சொல்லிடாதீங்க."

"சொல்லமாட்டேன். அப்ப இப்ப காலைல?"

பிரவீன் எழுந்து நாற்காலியை உள்ளே தள்ளினார். முதல்முறையாக அந்தப் பிள்ளை தன்னைப் பார்த்துத் தானே சிரித்ததைப் பார்த்தேன்.

"எனக்குக் காலைல பசிக்கவே பசிக்காது மேடம். எழுந்திருக்கிறதே கஷ்டம். இருந்தாலும் மொத பஸ்ஸு சத்தம் கேட்டவுடனே படுக்கையில இருந்தே கத்திடுவேன், அத்தே, பசி உயிரு போவுதுன்னு."